கணிதப் பிரிவுக்கு ஆளில்லை

சீனக்குடாப் பக்கம் சிப் தொழிற்சாலை வரப்போகிறது என்று தெரிந்ததும் திருகோணமலைச் சனம் ஒன்றுக்குத்தான் பயந்தது. வெளியூர்க்காரர் வந்து எல்லா வேலையையும் பிடித்துவிடுவார்கள் என்று. அமைச்சர் யாரையாவது தெரியாமல் உள்ளே கால் வைக்க ஏலாது என்று பஸ் நிலையத்து ஓட்டோக்காரர்கள்கூடக் கதைத்துக்கொண்டார்கள். நடந்ததோ நேர்மாறு. கட்டடம் எழும்பியது, மலேசியாவிலிருந்து இயந்திரங்கள் கப்பலில் வந்து இறங்கின, குளிரூட்டிகள் இராப்பகலாக ஓடத் தொடங்கின. ஆட்கள்தான் வந்து சேரவில்லை.

கொழும்புப் பொறியியலாளர்களுக்குத் திருகோணமலை விடுமுறைக்குக் கடல் குளிக்க வருகிற ஊர். குடியிருக்க வருகிற ஊர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த இளசுகள் இயந்திரத்தைப் பழகும்வரை நின்றார்கள். பழகின கையோடு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறினார்கள். அங்கேயும் அதே இயந்திரம்தான், அதே வேலைதான். சம்பளமும் நாடும்தான் வேறு. பழக்கிப் பழக்கி அனுப்புவதே தொழிற்சாலையின் பிரதான வேலையாகிவிடும் போலிருந்தது.

ஆட்களை எடுக்கும் பொறுப்பு யோகலிங்கத்திடம் இருந்தது. வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர். பறந்து போகிறவர்களைத் தேடி அலுத்துப்போய், பறக்க ஏலாதவர்களைப் பிடித்தால் என்ன என்று யோசித்தார். ஊரில் வீடு வாசல் இருக்க வேண்டும், பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போக வேண்டும், இலத்திரன் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தேவையும் இருக்கக்கூடாது. அப்படியொரு கூட்டம் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியலும் கணிதமும் படிப்பிக்கிற ஆசிரியர்கள். அவர்களில் நான்கு பேரை வீடு வீடாகப் போய்க் கதைத்து அவர் கொண்டுவந்து சேர்த்தார். ஒருத்தி பிரசாந்தி.

பிரசாந்தியின் வீடு உப்புவெளியில். பௌதிகவியல் படிப்பித்தது கிண்ணியாவில் ஒரு பெண்கள் பாடசாலையில். பத்து வருடத்துக்கு மேலாக இரண்டு பஸ் மாறிப் போய் வந்துகொண்டிருந்தாள். யோகலிங்கம் வந்து சொன்ன சம்பளம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. ஆனால் வேறொரு காரணமும் இருந்தது. குறைகடத்திகள் என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் படம் கீறி விளங்கப்படுத்துவாள். இந்தப் பக்கம் இலத்திரன், அந்தப் பக்கம் துளை, நடுவில் ஒரு கோடு. கீறி முடித்ததும் கையிலிருக்கும் சோக்குத் தூளைத் தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவாள். அந்தப் பொருளை ஒரு நாளும் அவள் கண்ணால் கண்டதில்லை.

விலகல் கடிதத்தோடு அதிபரின் அறைக்குப் போனபோது அவளுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அதிபர் சித்தி பரீதா கிண்ணியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். குரல் உயர்த்திக் கதைத்ததை யாரும் கேட்டதில்லை, ஆனாலும் வலயக் கல்வி அலுவலகத்தில் அவர் பெயரைச் சொன்னால் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்கள். கடிதத்தை வாசித்துவிட்டு, பரீட்சை வகுப்பை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று அவர் கேட்டார். தொழிற்சாலையில் அடுத்த மாதமே வரச் சொல்கிறார்கள் என்றாள் பிரசாந்தி. அதிபர் வற்புறுத்தவில்லை. பதிலுக்கு ஆள் அனுப்புவதாக வலயத்தில் சொல்வார்கள், தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதிய வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. முதல் நாள் நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்தபோது, விரல்நகத்திலும் சிறிய ஒரு சிப்பின் விளிம்பிலிருந்து தலைமயிரிலும் மெல்லிய தங்கக் கம்பிகள் வளைந்து இறங்குவதைக் கண்டாள். வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று முட்டாமல். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்ற மலேசியப் பயிற்றுநர் அடுத்த ஆளுக்கு இடம் விடச் சொல்ல வேண்டியதாயிற்று.

கம்பியை இழுத்து ஒட்டுகிற இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் பண்ணும். சூடு கூடினாலும் பிழை, அழுத்தம் குறைந்தாலும் பிழை. எது கூடியது, எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. ஒரு தூசி உள்ளே போகக்கூடாது என்பதால் தலைமுதல் கால்வரை மூடிய உடுப்பு. பவுடர் இல்லை, கண்மை இல்லை, ஒட்டுப்பொட்டுக்கூட இல்லை. திருநீறு அறவே ஆகாது. வெள்ளிக்கிழமையிலும் வெறும் நெற்றியோடு போகிற மருமகளைப் பார்த்து மாமியார் கமலேஸ்வரி முதலில் முகம் சுளித்தார். பிறகு, வேலை முடிந்து வந்து பூசினால் சாமி கோவிக்காது என்று தானே ஒரு தீர்ப்பும் சொன்னார்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. பிறகு தொழிற்சாலைக்குப் பெரிய கொள்முதல் கட்டளை ஒன்று கிடைத்து, இரண்டாவது வரிசை இயந்திரங்கள் வந்து இறங்கின. பின்னேரத்தில் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடிகிற இரண்டாவது சிப்ட் போட வேண்டும். அதற்கு ஆளில்லை. பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள், மூலைக்கு மூலை பதாகை கட்டினார்கள். வந்தவர்கள் போதவில்லை. பாடசாலைகளுக்கே போய்க் கேட்போம் என்றார் யோகலிங்கம். கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதின பிள்ளைகள் கிடைத்தால் நல்லது என்றார். கிண்ணியாவுக்குப் போனபோது பிரசாந்தியையும் கூட்டிக்கொண்டு போனார்.

பாடசாலை மண்டபத்தில் மேல் வகுப்பு மாணவிகளை எல்லாம் அதிபர் உட்கார வைத்திருந்தார். பிரசாந்தி அரை மணித்தியாலம் கதைத்தாள். கைத்தொலைபேசிக்குள் என்ன இருக்கிறது, அதை இங்கே எப்படிச் செய்கிறோம், எவ்வளவு சம்பளம், வேன் எப்படி வீட்டு வாசலுக்கு வரும் என்றெல்லாம் சொன்னாள். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, இந்த வேலைக்கு என்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

"பௌதிகவியலும் கணிதமும் படிச்சிருந்தால் நல்லது," என்றாள் பிரசாந்தி.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பிள்ளை, மரியாதையாகத்தான், சொன்னாள்:

"இங்க கணிதப் பிரிவு இல்லையே, மிஸ். மூடிட்டாங்க."

மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. யாரும் அவளைக் குத்திக்காட்டச் சிரிக்கவில்லை; அவள் யார் என்பதே அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பிரசாந்தி அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

அதிபரின் அறையில் தேநீர் வந்தது. என்ன நடந்தது என்று சித்தி பரீதா சுருக்கமாகச் சொன்னார். பிரசாந்தி போன பிறகு வலயத்திலிருந்து ஒருவர் வந்தார், ஆறு மாதத்தில் சொந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வரவேயில்லை. கணிதத்துக்கு ஆசிரியர் இருந்தார், இரசாயனவியலுக்கும் இருந்தார். மூன்றும் சேர்ந்ததுதான் கணிதப் பிரிவு; பௌதிகவியலுக்கு மட்டும் ஆளில்லாமல் போனதால் பிரிவையே மூட வேண்டி வந்தது. வசதியுள்ள பிள்ளைகள் பாலத்தைத் தாண்டித் திருகோணமலை நகரத்துப் பாடசாலைக்குப் போனார்கள். மற்றவர்கள் கலைப் பிரிவில் சேர்ந்தார்கள். ஆய்வுகூடத்தில் இப்போது இலவசப் பாடநூல்கள் அடுக்கியிருக்கின்றன. இதையெல்லாம் அவர் குறை சொல்வது போலச் சொல்லவில்லை. மழை எப்போது பெய்தது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

யோகலிங்கம் கணக்குத் தெரிந்த மனிதர். உயர்தரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு முந்தின சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் சித்தியடைந்த பிள்ளைகளைத் தந்தாலும் பழக்கி எடுக்கலாம் என்று உடனே இறங்கி வந்தார்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், வேண்டிய அளவு இருக்கிறார்கள் என்றார் அதிபர். "ஆனா இரவு பத்து மணிக்கு முடியிற வேலைக்கு எந்த உம்மா விடுவா? வேன் கொண்டுவந்து விடும் எண்டு நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நான் சொன்னா நம்புவாங்க."

"நீங்கள் சொல்லுவீங்களோ, மெடம்?" என்று கேட்டார் யோகலிங்கம்.

"சொல்லலாம். எனக்கு என்ட பௌதிகவியல் டீச்சரக் கிழமையில ரெண்டு நாள் காலையில தாங்க."

பிரசாந்தி தேநீர்க் கோப்பையை வாயருகே வைத்தபடி இருந்தாள். அதிபர் அவளைப் பார்க்கவில்லை. யோகலிங்கமும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுச் சொல்வதாகச் சொல்லி யோகலிங்கம் எழுந்தார். திரும்பி வருகிற வழியில், பாலத்தின் மேல் வாகனம் வந்துகொண்டிருந்தபோது, அதிபர் கெட்டிக்காரி என்று பாராட்டினார். பிரசாந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தொழிற்சாலையின் மலேசிய மனேஜர் ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வலயக் கல்வி அலுவலகத்தில், எழுத்தில் அனுமதி தர முடியாது, தடுக்கவும் மாட்டோம் என்றார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவளை அழைத்ததாகப் பதிவு எழுதப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான், செவ்வாயும் வியாழனும் அவள் கிண்ணியாவுக்குப் போக வேண்டும் என்று யோகலிங்கம் வந்து சொன்னார்.

அன்று வீட்டில் குசினி மேசையில் இருந்துகொண்டு கணவன் இராகுலனுக்கு இதைச் சொன்னாள். அவன் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்கிறவன். அதிகம் கதைக்காதவன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உமக்கு விருப்பமோ?" என்றான்.

இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்க விருப்பமில்லை என்று எப்படிச் சொல்வது? "மாட்டன் எண்டு சொல்ல ஏலாது," என்றாள்.

அதிபர் தன் வாக்கைக் காப்பாற்றினார். வீடு வீடாகப் போனார், வேன் சாரதி முனாஸைப் பாடசாலைக்குக் கூப்பிட்டுத் தாய்மாருக்கு முன்னால் நிறுத்தி அவன் யார் மகன் என்பதுவரை சொன்னார். இரண்டாவது சிப்டுக்குக் கிண்ணியாவிலிருந்து மட்டும் இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். பாடசாலையில் பாடநூல்களை வேறு அறைக்கு மாற்றினார்கள். கணிதப் பிரிவு மறுபடி தொடங்கியது, ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்தால் அடங்குகிற பிள்ளைகளோடு.

பிரசாந்தி ஒழுங்காகப் போனாள், ஒழுங்காகப் படிப்பித்தாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்தும் இருந்தது. ஆனால் கரும்பலகையில் விசைகளைக் கீறிக்கொண்டிருக்கும்போதே மனம் சீனக்குடாவுக்குப் போய்விடும். முதல் நாள் பின்னேரம் நாலாம் இயந்திரத்தில் கம்பி ஏன் அறுந்தது, சூட்டைக் குறைத்துப் பார்த்தால் என்ன. ஒரு பிள்ளை கேட்ட கேள்வியை இரண்டாம் தரம் கேட்க வைத்திருக்கிறாள். இதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பாடம் பாதியில் இருக்கும்போது கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. விட்டுவிட்டாள். மறுபடியும் மறுபடியும் அதிரவே விறாந்தைக்குப் போய் எடுத்தாள். புதிய வரிசை முழுக்க நின்றுபோய்விட்டது, முனாஸை வேனோடு அனுப்புகிறேன், உடனே வாருங்கள் என்றார் யோகலிங்கம். அவள் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பலகையில் ஒரு சமன்பாடு பாதியில் நின்றது. பிள்ளைகள் பேனையைப் பிடித்தபடி இருந்தார்கள்.

"மணி அடிச்சாப் பிறகு வாறன்," என்று வைத்துவிட்டாள்.

அப்படி ஏன் சொன்னாள் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறாள். பிள்ளைகள் மேல் வந்த பாசம் என்று சொல்ல முடியாது. பாதியில் நிற்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் ஏலாது. இயந்திரமானாலும் அப்படித்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது நிறையச் சரக்கு வீணாகியிருந்தது. மனேஜர் கோபப்படவில்லை. ஒரு ஆளை இரண்டு இடத்தில் வைத்தால் ஏதாவது ஓர் இடத்தில் ஆளில்லை என்றுதான் அர்த்தம் என்றார். அடுத்த கிழமையிலிருந்து கிண்ணியாவுக்குப் போக வேண்டாம். இதை அதிபருக்குச் சொல்ல யோகலிங்கத்துக்குத் துணிவில்லை. பிரசாந்தியைக் கொண்டே தொலைபேசி எடுப்பித்தார். அதிபர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி, டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் முனாஸின் வேனில் சில இருக்கைகள் வெறுமையாக இருந்தன. அதற்கு அடுத்த நாள் இரண்டு வேனுமே வெறுமையாக வந்தன. அதிபர் ஏதாவது சொன்னாரா, தாய்மாரே கேள்விப்பட்டு நிறுத்தினார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது சிப்டில் இயந்திரங்கள் பாதிக்கு மேல் நின்றன. பழைய சிப்ட் ஆட்களை மேலதிக நேரம் வைத்துப் பார்த்தார்கள். நாலைந்து நாளில் அவர்களுக்கும் கண் பூத்துப்போனது. யோகலிங்கம் வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்தார்.

அந்தக் கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உணவறைக்குப் போன பிரசாந்தி, தம்பிராசா சேருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். யோகலிங்கம் கொண்டுவந்த நால்வரில் அவரும் ஒருவர். நகரத்துப் பாடசாலையில் நெடுங்காலம் பௌதிகவியல் படிப்பித்து, நேரத்துக்கு முன்பே ஓய்வு எடுத்துக்கொண்டு வந்தவர். வந்தவருக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. மூடிய உடுப்புக்குள் உடம்பு கடித்தது. நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கை நடுங்கியது. கடைசியில் அவரைப் பொதியிடும் பகுதியில் விட்டார்கள். பெட்டியின் மேல் ஒட்டுகிற சீட்டு சரியா என்று பார்ப்பார். மிச்ச நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெடியன்களுக்கு, பாரம் தூக்கும் வண்டி ஏன் கவிழாமல் நிற்கிறது என்று விளங்கப்படுத்துவார். சோற்றைப் பிசைந்துகொண்டே இப்போதும் அதைத்தான் ஒருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரசாந்தி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெடியன் எழுந்து போன பிறகு, "சேர், கிண்ணியாவுக்குப் படிப்பிக்கப் போவீங்களோ? இஞ்ச சம்பளம் அப்பிடியே வரும்," என்றாள்.

அவர் சாப்பாட்டை நிறுத்தினார். "கரும்பலகையோ, வெள்ளைப் பலகையோ?"

"கரும்பலகைதான்."

"அப்ப போவன்," என்றார். அதற்குப் பிறகு ஒரு வாய்கூட அவர் சாப்பிடவில்லை. எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், பாடம் எதுவரை போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

யோகலிங்கத்துக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் ஆகவில்லை. சீட்டுப் பார்க்கிற ஒருவரைக் கிழமை முழுவதும் கொடுத்தால் இரண்டு வேன் ஆட்கள் வருவார்கள். மனேஜரும் கேள்வி கேட்காமல் சம்மதித்தார். இந்த முறை அதிபரிடம் தானே கதைப்பதாகப் பிரசாந்தி சொன்னாள், தொலைபேசியில் அல்ல, நேரில். சனிக்கிழமை பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய் அதிபரை அவருடைய வீட்டிலேயே சந்தித்தாள்.

கிழமையில் ஐந்து நாளும் ஆள் வரும் என்றதும் சித்தி பரீதா தலையசைத்தார். நல்லாகப் படிப்பிப்பாரா என்று கேட்டார்.

"என்னை விட நல்லா," என்றாள் பிரசாந்தி. உண்மைதான். ஆனாலும் வாயால் சொன்னபோது சுருக்கென்று எங்கோ பட்டது.

"அப்ப நீங்க வரமாட்டீங்க?"

"இல்லை, மெடம். எனக்கு அங்கதான் விருப்பம். முதலே அப்பிடித்தான்."

அதிபர் அவளை நேராகப் பார்த்தார். "அத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

"அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை."

சித்தி பரீதா அவளிடமிருந்து பார்வையை எடுத்தார். சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், மேசை விரிப்பைச் சரிசெய்தார். பிறகு, "ஓம், நான் கேக்கல்ல," என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பிரசாந்தி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். மீன்குழம்பு நல்ல உறைப்பாக இருந்தது. பாடசாலையைப் பற்றியோ தொழிற்சாலையைப் பற்றியோ அதன் பிறகு இருவரும் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை தொடங்கி வேன்கள் மறுபடி நிறைந்து வந்தன. முன்னைப் போல எல்லாரும் வரவில்லை. சிலருக்கு இடையில் கல்யாணம் பேசிவிட்டார்கள், சிலர் நகரத்துக் கடைகளில் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் இயந்திரங்களில் முக்கால்வாசி ஓடியது. வழி தெரிந்துவிட்ட உற்சாகத்தில் யோகலிங்கம் மற்ற அதிபர்களையும் போய்க் கண்டார். மூதூரில் ஒரு அதிபர், பௌதிகவியலுக்கு ஆள் இருக்கிறது, தனக்கு இரசாயனவியலுக்குத்தான் வேண்டும் என்றாராம். தொழிற்சாலையில் இரசாயனம் படித்தவர் ஒரே ஒருவர். நீரைச் சுத்திகரிக்கிற பகுதி முழுவதும் அவர் தலையில்தான் ஓடுகிறது. யோகலிங்கம் அந்தப் பகுதிப் பக்கம் அடிக்கடி போய் அவரோடு சிரித்துக் கதைக்கத் தொடங்கியிருக்கிறார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் இயந்திரத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பிரசாந்தியை வெளியே கூப்பிட்டார்கள். தொலைபேசியில் தம்பிராசா சேர். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வணக்கம், நன்றி எதுவும் இல்லை. ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிற அம்பியர்மானிகளில் எது வேலை செய்யும் என்று கேட்டார்.

"கண்ணாடி வெடிச்ச ஒண்டு மட்டும்தான் வேலை செய்யும், சேர். மற்றதெல்லாம் பழுது."

"சரி, அது போதும்," என்று அவர் வைத்துவிட்டார்.

பிரசாந்தி கையைக் கழுவித் துடைத்தாள். உடுப்பை மறுபடி மாட்டி, தலைமூடியை நெற்றிவரை இழுத்துவிட்டு, தூசியை ஊதித் தள்ளக் காற்று அடிக்கிற கதவு வழியாக உள்ளே போனாள்.